பொடி நட்சத்திரம்

வானியல் அறிஞர்கள் இரவில் வேலை செய்கிறார்கள் என்று உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இது தவறு. கொஞ்சம் அழுத்தியே சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் படித்தவர்களும் இதை நம்புகிறார்கள், பள்ளிக்கூடப் படங்கள் இதை வளர்க்கின்றன, இதனால் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணமே நின்றுபோயிருக்கிறது. வானியல் என்பது பெரும்பாலும் காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், வடக்கு பார்த்த ஜன்னலோரமாக உட்கார்ந்து, கழுத்து வலிக்க வலிக்கச் செய்கிற காரியம். இரவில் நடப்பது படம்பிடிப்பு மட்டும்தான். அதற்கு விழித்திருக்கத் தெரிந்த ஓர் ஆள் போதும், அவரும் முழுக்க விழித்திருப்பதாகச் சொல்ல முடியாது. அறிவதெல்லாம் பகலில், கண்ணாடித் தகட்டில். அந்தத் தகட்டில் வானம் வெள்ளை. நட்சத்திரங்கள் கறுப்பு. மலைமேல் இருந்த அந்த வான்நோக்குக்கூடத்தில் தெபோராள் ஞானமுத்து ஒன்பது வருஷமாகப் பார்த்துவந்த வானம் இதுதான், உளுந்து சிதறிய வேட்டி மாதிரி ஒரு வானம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில மாதங்கள் அவளுக்குக் கனவில்கூட நட்சத்திரங்கள் கறுப்பாகவே வந்தன. பிறகு கனவு நின்றுவிட்டது, அல்லது கனவிலும் அவள் அளந்துகொண்டிருந்ததால் அது கனவு என்று தெரியாமல்போனது. அவளுடைய உத்தியோகத்துக்குப் பெயர் கம்ப்யூட்டர். கணக்குப் போடுகிற ஆள் என்று அர்த்தம். ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் அந்தச் சொல் மனிதர்களைத்தான் குறித்தது, மனிதர்கள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அன்று காலை ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை. மேகம் புல்வெளிவரை இறங்கி, ஜன்னல் கதவின் இடுக்கு வழியாக உள்ளே கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சாய்வு மேஜையில் தகடு, தகட்டுக்கடியில் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் கண்ணாடி, தகட்டுக்கு மேலே நகர்ந்துபோகிற உருப்பெருக்கி, அதற்கு மேலே தெபோராளின் வலது கண். பக்கத்தில் அதே வானப் பகுதியின் பழைய தகடு. பழையதில் ஒரு பார்வை, புதியதில் ஒரு பார்வை. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிற அதே வேலை, என்ன, இங்கே கல் கிடைத்தால்தான் சந்தோஷம். இன்றைக்குக் கிடைத்துவிட்டது. விருச்சிகத்தின் வாலுக்குச் சற்று மேலே, நெருக்கியடித்துக்கொண்டிருந்த புள்ளிகளுக்கு நடுவில், பழைய தகட்டில் இல்லாத ஒரு புள்ளி. வெறும் புள்ளி என்று ஒதுக்கமுடியாத அளவு கறுப்பு. கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஏதோ ஒரு நட்சத்திரம் திடீரென்று பற்றிக்கொண்டு எரிகிறது, சில வாரங்கள் எரியும், பிறகு பழையபடி ஒன்றுமில்லாததாகிவிடும்; அதை முதலில் கண்டவர் பெயர் மட்டும் நிற்கும். அப்படித்தான் இருக்கவேண்டும். அப்படி இல்லாமலும் இருக்கலாம். அவள் கண்ணை எடுத்தாள். மேகத்தைப் பார்த்தாள். முள் குத்திய விரலைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்கிறவள் மாதிரி மறுபடி குனிந்தாள். இருந்தது. தபால்காரன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்குவதற்கு முன்னால் டன்ஸ்டன் துரை இந்த அறைக்கு வருவார். கூடத்தின் தலைவர் அவர். தினமும் வருவார், வாசலிலேயே நின்று தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஏதாவது உண்டா, மிஸ் ஞானமுத்து?" அவள் தினமும் ஒரே பதில்தான் சொல்வாள்: "ஒன்றுமில்லை, ஸார்." மூன்று வருஷமாக அந்தக் கேள்வியும் பதிலும் ஜெபத்துக்கு ஆமென் மாதிரி ஒன்றையொன்று தெரிந்துவைத்திருந்தன. இன்றைக்கு என்ன சொல்லவேண்டும் என்பதுதான் காலையிலிருந்து அவள் நெஞ்சில் கிடந்து உருளுகிற விஷயம்.

ஏனென்றால் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் உண்டு என்று சொன்னாள். எவ்வளவு உற்சாகமாகச் சொன்னாள், அதுதான் இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாளே, "ஸார்! ஸார்!" என்று வராந்தாவில் ஓடினாளே, புடவைத் தலைப்பு மைக்கூட்டைத் தட்டிவிட்டதே, அந்தக் கறை இன்னும் தரையில் இருக்கிறது, தினமும் அதன்மேல்தான் கால் வைத்து உட்காருகிறாள். துரையும் மகிழ்ந்துபோய் அன்றைக்கே சீமைக்குத் தந்தி அடித்தார். அடுத்த தெளிந்த இரவில் மறுபடி படம் எடுத்தபோது அந்த இடத்தில் எதுவும் இல்லை. துரை முதல் தகட்டை வாங்கினார். அவளுடைய நட்சத்திரத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். அது வந்துவிட்டது. முகர்ந்தார். தும்மினார். அந்த நட்சத்திரம் கடைசியாக உலகத்துக்குச் செய்த காரியம் அதுதான். மூக்குப்பொடி. இரவில் படம்பிடிக்கிற உதவியாளர் பஞ்சாபகேச ஐயர், இருட்டறையில் தகட்டை ஈரத்தோடு காயவைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்று பட்டணம் பொடி ஒரு சிட்டிகை இழுத்திருக்கிறார். முதல் தந்தியைப் பொய் என்று சொல்ல இரண்டாவது தந்தி போனது. அவள் பெயர் சீமையில் முதன்முதலாக அச்சேறியது, 'பிழை' என்ற தலைப்பின் கீழே. கூடத்துக்குள் எவரும் பொடி போடக்கூடாது என்று துரை எழுத்து மூலமாக உத்தரவு போட்டார். மீறினால் சமவெளியில் மழை அளக்கும் ஆபீசுக்கு மாற்றல் என்றும் அதில் இருந்தது. ஐயர் பூணூலைப் பிடித்துச் சத்தியம் செய்தார். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று தெபோராள் பல ராத்திரிகள் தேடியிருக்கிறாள்: பொடி போட்ட மூக்கு அவருடையது, பெயர் கெட்டது இவளுக்கு. போதாக்குறைக்கு அந்தப் புள்ளிக்குப் பொடி நட்சத்திரம் என்று பெயர் வைத்து மலை முழுக்கப் பரப்பியதும் அதே ஐயர்தான். கடைத்தெருவில் வெற்றிலை விற்கிறவளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

சுரண்டிப் பார்த்துவிட்டால் என்ன. நகம் தானாகத் தகட்டுக்கு மேலே வந்து நின்றது. பொடி என்றால் பெயர்ந்து வந்துவிடும், யாருக்கும் தெரியாது, "ஒன்றுமில்லை, ஸார்," மதியம் ரசம் சாதம், முடிந்தது. நட்சத்திரம் என்றால் அதுவும் பெயர்ந்து வந்துவிடும், மருந்துப் பூச்சோடு சேர்ந்து, அப்புறம் இப்படி ஒன்று இருந்தது என்று சொல்ல உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது. நகத்தை மடக்கிக்கொண்டாள். இன்னொரு படம் எடுக்கட்டும் என்று காத்திருக்கலாம். எதை எடுப்பது, இந்த மேகத்தையா? மழைக்கு நடுவில் கிடைத்த ஒரே ஒரு தெளிந்த இரவில் எடுத்த படம் இது, இனி ஆவணிவரை வானம் திறக்காது, அதற்குள் அது எரிந்து அடங்கிவிடும், அதற்கு வெகுமுன்பே மேகம் இல்லாத ஏதாவது ஒரு தேசத்தில் யாராவது ஒருவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிடுவான். அவன் பெயரை அவள் ஆறு மாதம் கழித்துக் கப்பலில் வரும் பத்திரிகையில் வாசிப்பாள். வாசித்துவிட்டு மைக்கறையின் மேல் கால் வைத்து உட்காருவாள். சரி, சொன்னால்? சொல்லி, அது பொடியாகிவிட்டால்? ஒரு தடவை தவறினால் மிஸ் ஞானமுத்து தவறினாள் என்பார்கள். இரண்டாவது தடவை பெண்களுக்கு இந்த வேலை வராது என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் எத்தனை பெண்கள் கணக்கில் முதல் வகுப்பு வாங்கிக்கொண்டு மலையேறி வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்ப அந்த ஒரு வரி போதும். பெண் என்றால் இப்போதே எத்தனை விதி. அந்தி சாய்ந்தபின் குவிமாடத்துக்குள் பெண்கள் வரக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதை எழுதின காலத்தில் இந்த மலையில் ஒரு பெண்ணும் இல்லை, முன்யோசனையோடு எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால் பெரிய தொலைநோக்கியில் அவள் ஒரு நட்சத்திரத்தையும் பார்த்ததில்லை. பகலில் பார்த்திருக்கிறாள், மூடியைப் போட்டு, துடைத்து, எண்ணெய் விட்டு, யானையைக் குளிப்பாட்டின மாதிரி நிறுத்தியிருப்பார்கள். இதை யார் நம்பினார்கள்? நாசரேத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பெண் பார்க்க வந்த அந்த அம்மாள் நம்பினாளா? "ராத்திரி எங்க இருப்பா?" என்றுதான் முதல் கேள்வி. "பகல் வேலைதாம்மா, ராத்திரி வீட்டுல நல்லா உறங்குவா," என்றாள் தெபோராளின் அம்மா. "வானத்தைப் பாக்குத வேலை பகல்லயா? யாருட்ட கதை விடுதிய?" அவர்கள் முறுக்கைக்கூடத் தொடவில்லை. அம்மா அன்று சாயங்காலம் அந்த முறுக்கையெல்லாம் டப்பாவில் அடைத்துக்கொண்டே, "ஏட்டி, உனக்கு எண்ணுததுக்குப் பூமியில ஒண்ணுமே கெடைக்கலையா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தெபோராள் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். முறுக்கு நன்றாக இருந்தது.

கதவு தட்டப்படாமலே திறந்தது. பஞ்சாபகேச ஐயர். ஒல்லியான மனிதர், இரவெல்லாம் விழிப்பதாலோ என்னவோ பகலில் எதைப் பார்த்தாலும் சந்தேகத்தோடு பார்ப்பார். "என்ன மிஸ்ஸம்மா, இன்னிக்கு ஏதாவது பொறந்துதா?" என்றார். தினப்படிக் கேலி. "நீங்கள் பக்கத்தில் இல்லாதவரை எதுவும் பிறக்காது, ஐயரே," என்றாள் அவள், அதுவும் தினப்படிதான், ஆனால் கை தானாகத் தகட்டின் மேல் போய் நின்றது. அவர் கண்ணும் அங்கேதான் போனது. "இது அன்னிக்கு எடுத்த ப்ளேட்டோ? அதை எடுத்து ஓரமா வெச்சுடுங்கோளேன். கழிசல். காத்து ஆட்டிடுத்து. எல்லாம் வாலும் காலுமா இருக்கும், பாத்தேளோல்லியோ?" பார்த்திருந்தாள். தகட்டிலிருந்த பிரகாசமான நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் கீழே ஒரு சின்னக் கொக்கி, கிறிஸ்துமஸுக்குக் கட்டுகிற காகித நட்சத்திரங்களின் வால் மாதிரி. மங்கலானவற்றுக்கு அதுகூட இல்லை. "யுத்த காலம், ப்ளேட் கப்பல்ல வரணும், ஒண்ணை வீணாக்கினேன்னு தெரிஞ்சா துரை என்னை உயிரோட தின்னுடுவார். கைதவறி ஒடைஞ்சுடுத்துன்னு சொல்லிக்கலாம். நானே சொல்லிக்கறேன், ஒங்க தலையில போடலே." குரலில் கேலி இல்லை. இந்த மனிதர் கெஞ்சுகிறார் என்பது அவளுக்குச் சற்று தாமதமாகத்தான் புரிந்தது, அவர் கெஞ்சி அவள் கேட்டதில்லை. "காற்றா?" என்றாள். "பேய்க் காத்து." "மதியத்துக்குள் பார்த்து முடித்துவிடுகிறேன், ஐயரே." அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு போனார். பேய்க்காற்று. அன்று இரவு அவள் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் தூங்கினாள், இத்தனை நாள் கழித்து மழை விட்டதே என்று. கொடியில் போட்ட கைக்குட்டைகூட அசையவில்லை. காற்றே இல்லாத இரவு. பின்னே எது ஆட்டியது? எதுவோ ஆட்டட்டும், அவளுக்கென்ன, அவள் கவலை அந்தப் புள்ளி. பொடியா இல்லையா, பொடியா இல்லையா, ஆட்டுக்கல் மாதிரி அதே வட்டம். ஐயரிடமே கேட்டுவிடலாமா, அன்றைக்குப் பொடி போட்டீர்களா என்று? பூணூலைப் பிடித்துக்கொண்டு இல்லை என்பார். போடவில்லை என்றால் அது நட்சத்திரம். போட்டேன் என்றால் அது எதுவாகவும் இருக்கலாம். பொய் சொன்னால் அப்போதும் எதுவாகவும் இருக்கலாம். ஒரு மனிதர் உண்மை பேசுவாரா என்பதில் ஒரு நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த அறையில் ஐயர் தும்மினார். ஓட்டு வீட்டின்மேல் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு தும்மல், மேஜையில் உருப்பெருக்கி நடுங்கியது, உடனே இன்னொன்று, பிறகு சாவகாசமாக மூன்றாவது. தெபோராள் குனிந்திருந்த தலையை நிமிர்த்தவில்லை. நடுங்கிய உருப்பெருக்கிக்குக் கீழே நட்சத்திரங்கள் எல்லாம் ஒருமுறை துள்ளி மறுபடி இடத்தில் உட்கார்ந்தன. துள்ளி, உட்கார்ந்தன. குவிமாடத்துக்குள் இரவில் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று அவள் பார்த்ததில்லை, ஆனால் தெரியும். வழிகாட்டிக் குழாயில் கண்ணை ஒட்டவைத்து, ஒரு நட்சத்திரத்தைச் சிலந்தி நூலால் ஆன குறுக்குக் கோட்டில் நிறுத்தி, அது நழுவாமல் கைச்சக்கரத்தைத் திருப்பித் திருப்பி, குளிரில், தூக்கத்தில், தனியாக. அப்படி இருக்கிற மனிதர் மடியிலிருந்து பொடி மட்டையை எடுத்து, ஒரே ஒரு சிட்டிகை. தும்மினால்? நெற்றி குழாயில் இடிக்கும். குழாய் நகர்ந்துவிடும். கண்ணில் தண்ணீர் முட்ட அவர் அந்த நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்து மறுபடி கோட்டுக்குக் கொண்டுவரும்வரை, அத்தனை நட்சத்திரங்களின் ஒளியும் தகட்டில் தள்ளி விழுந்துகொண்டிருக்கும். கொக்கி. ஒவ்வொரு கொக்கியும் ஐயரின் தும்மல். அந்த நேரத்தில் வானத்தில் இருந்தவை எல்லாம் அந்தத் தும்மலோடு சேர்ந்தே தும்மியிருக்கவேண்டும்; பிறகு இருட்டறையில் வந்து விழுந்த பொடிக்கும் தூசிக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. காலையிலிருந்து அந்தப் புள்ளி கறுப்பா, வட்டமா, பெரிதா என்றுதான் பார்த்தாளே தவிர, கழிசல் தகடு என்று கொக்கியைக் கண் தள்ளிவிட்டுக்கொண்டே வந்திருக்கிறது. உருப்பெருக்கியை நகர்த்தினாள். புள்ளியைத் தாண்டிப் போய்விட்டது, திரும்பி வந்தாள். இருந்தது. இடப்பக்கம் கீழே, அக்கம்பக்கத்து நட்சத்திரங்களுக்கு இருந்த அதே கோணத்தில், அதே அளவில், சின்னதாக ஒரு கொக்கி. பயம் விடவில்லை, ஓரங்களைத் தேடினாள். தகட்டின் மூலையில் இன்னொரு புள்ளி கிடந்தது, உருண்டையாக, கொக்கி இல்லாமல், சற்றே பழுப்பாக. அதைத்தான் நகத்தால் சுரண்டினாள். வந்துவிட்டது. முகர்ந்தாள். பட்டணம் பொடி. மூக்குக்குள் ஒரு தும்மல் ஏறி வந்து, இப்போதா அப்போதா என்று நின்று, மெல்லத் திரும்பிப் போனது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிரிப்பும் நின்றுபோனது, ஏனென்றால் கொக்கியைச் சாட்சியாகச் சொன்னால் கொக்கி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கேட்டால் ஐயர் மழை அளக்கப் போவார். மூன்று வருஷமாக இந்த மனிதரை மலையிலிருந்து கீழே உருட்டிவிட அவள் எத்தனை தடவை மனத்தால் முயன்றிருப்பாள், இப்போது நக இடுக்கில் அதற்கான வழி இருந்தது. மலையில் அவருக்கு ஒரே சுகம் அந்தச் சிட்டிகை. குளிரில், தனியாக. அவளுக்குக் கிடைக்காத இரவுகளை எல்லாம் அவர்தான் அவளுக்காகப் படம் பிடித்து, மூடி, காயவைத்து, காலையில் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், கேலியோடு சேர்த்து. வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"ஏதாவது உண்டா, மிஸ் ஞானமுத்து?" வாசலில் டன்ஸ்டன் துரை. அவருக்குப் பின்னால், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் மாதிரி, பஞ்சாபகேச ஐயர். பழக்கத்தில் நாக்கு ஒன்றுமில்லைக்குத் தயாராகி நின்றது. தபால்காரன் முற்றத்தில் செருப்பை உதறும் ஓசை கேட்டது. "உண்டு, ஸார்," என்றாள் தெபோராள். இந்தத் தடவை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. துரை வந்து குனிந்தார். பழைய தகட்டைப் பார்த்தார், புதியதைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். அவர் காது மெல்லச் சிவந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய இரண்டாவது தந்தியை அவரும் மறக்கவில்லை. பிறகு அவருடைய வலது கட்டைவிரல் நகம், தனக்கென்று ஒரு ஞாபகம் உள்ளதுபோல, தகட்டை நோக்கி இறங்கியது. தெபோராள் தன் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டினாள். துரையின் விரல் அவள் புறங்கையில் முட்டி நின்றது. மலையில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை. ஐயர் வாசலில் "சிவ சிவா" என்றது எல்லோருக்கும் கேட்டது. "வேண்டாம், ஸார். இது நட்சத்திரம்தான், ஆனால் சுரண்டினால் இதுவும் வந்துவிடும். கொக்கியைப் பாருங்கள்." அவர் பார்த்தார். அவள் சொன்னாள், படம்பிடிக்கும்போது குழாய் ஒருமுறை இடம் மாறியிருக்கிறது, வானத்தில் இருந்ததெல்லாம் கூடவே மாறியிருக்கிறது, இதுவும் மாறியிருக்கிறது, தூசி மாறாது. சொல்லச் சொல்லத் தன் குரல் கணக்கு வாத்தியார் குரல் மாதிரி ஒலிப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. துரை நிமிர்ந்தார். "குழாய் ஏன் இடம் மாறியது?" வாசலில் நின்ற ஐயரின் கண் தெபோராளின் வலது கையில் இருந்தது. அந்தக் கை புடவை மடிப்புக்குள் போய்விட்டிருந்தது. "குளிர், ஸார்," என்றாள் அவள். "மிஸ்டர் ஐயர் தும்மியிருக்கிறார். குவிமாடத்துக்குள் இரவில் மிகவும் குளிர்கிறதாம். எனக்குத் தெரியாது, நான் போனதில்லை." துரை திரும்பினார். "அப்படியா?" ஐயர் மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "ஆமாம் ஸார். குளிர்தான் ஸார். எலும்பெல்லாம் ஆடறது ஸார்." துரை ஐயரைப் பார்த்தார், தெபோராளைப் பார்த்தார், மறுபடி குனிந்து அந்தக் கொக்கியைப் பார்த்தார். பிறகு தபால்காரனை நிற்கச்சொல்லுங்கள் என்றார்.

தந்தியின் வாசகத்தைத் துரை சொல்லச்சொல்ல அவளே எழுதினாள். எழுதும்போது எண்களை இரண்டு தடவை சரிபார்த்தாள், தன் பெயரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, பார்த்தால் கை நின்றுவிடும். ஐயர் வராந்தாவில் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். "மிஸ்ஸம்மா," என்றார். "இனி என் தகட்டுப் பக்கத்தில் வேண்டாம், ஐயரே. வேறு எங்கே வேண்டுமானாலும்," என்றாள் அவள். மேகம் புல்வெளியைவிட்டு எழுந்திருக்கவேயில்லை. அதற்குப் பின்னால், அதற்கும் மேலே, பகலிலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கும், வெள்ளையாகவா நீலமாகவா என்று அவளுக்குத் தெரியாது. தென் ஆப்பிரிக்காவிலிருந்து பதில் தந்தி வர ஆடி பிறந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு புதிய நட்சத்திரம் இருப்பதாகவும், மங்கத் தொடங்கியிருப்பதாகவும் அதில் இருந்தது. அதற்கு அடுத்த வாரம், டன்ஸ்டன் துரையின் உத்தரவின்பேரில், சர்க்கார் செலவில் கம்பளி மப்ளர் ஒன்று பட்டணத்திலிருந்து வந்து சேர்ந்தது, இரவுநேர உதவியாளர் பணிநேரம் முழுவதும் கழுத்தில் கட்டாயமாக அணியவேண்டும் என்ற குறிப்போடு. மறுவருஷம் சித்திரையில் பஞ்சாபகேச ஐயருக்குக் கழுத்தைச் சுற்றி வேர்க்குரு போட்டது.